ஏழாவது கிழமையும் கூடும் சந்தை: யாழ்ப்பாணத்தில் பெண் முயற்சியாளர்களுக்கான சமூகச் சந்தையை அமைத்து நடத்தும் வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பெண்களின் உற்பத்திகளுக்கென்று ஒரு சந்தையைத் திறந்து வைப்பது பெரிய காரியம் அல்ல. ஒரு பந்தல், மங்கள விளக்கு, நாடா வெட்ட ஓர் அதிகாரி, இருபது மேசை, பத்திரிகைக்கு ஒரு படம் என்று ஆயத்தம் செய்தால் அன்றைய பொழுது நன்றாகவே போய்விடும். இரண்டாம் கிழமை பதினான்கு மேசையும் மூன்றாம் கிழமை ஒன்பது மேசையும் வந்து, பிறகு பந்தல்காரர் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போன கதையை இங்கே ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம். ஆகவே திறப்பு விழாவைப் பற்றி இந்த வழிகாட்டியில் எதுவும் இல்லை. ஏழாவது கிழமை மழைக்காற்றுக்குள்ளும் அந்த முற்றத்துக்குப் பெண்கள் பொருளோடு வந்து சேர்வதற்கு என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதையே படிப்படியாக எழுதுகிறேன்.

இப்படி ஒரு சந்தை ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. வீட்டில் மிளகாய்த்தூள் இடிப்பிக்கும் பெண்ணுக்கும் ஓலைப்பெட்டி இழைக்கும் பெண்ணுக்கும் இன்று இருக்கும் வழிகள் மூன்றுதான். கடைக்குக் கொடுக்கலாம், அங்கே பொருள் விற்ற பிறகுதான் காசு வரும், விற்காதது பழுதாகித் திரும்பி வரும். படலையடிக்கு வரும் வியாபாரியிடம் கொடுக்கலாம். அவர் சொன்னதே விலை. மூன்றாவது, பொதுச்சந்தை. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் போன்ற சந்தைகள் மரக்கறியை மொத்தமாகக் கொள்ளும் சந்தைகள்; அங்கே சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் கட்டும் ரிக்கற் காசும், நிறையில் 10 வீதத்தைக் கழிவு என்று கழிக்கும் வழக்கமும் விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வரும் விடயங்கள். பத்துப் பக்கற் தட்டைவடையோடு போகிற பெண்ணுக்கு அந்த இரைச்சலில் இடம் இல்லை. சமூகச் சந்தை என்பது இந்த மூன்றுக்கும் அப்பால், செய்தவளே விலை சொல்லி, நிறுத்துக் கொடுத்து, அன்றைக்கே காசை எண்ணி வாங்கக்கூடிய நான்காவது இடம்.

முதற்படி: மேசைகளை அல்ல, உற்பத்திகளை எண்ணுங்கள்

நாங்கள் சனசமூக நிலைய முற்றமொன்றில் முதற் சந்தையைக் கூட்டியபோது பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஏழு பேர் முறுக்கு கொண்டு வந்திருந்தார்கள். எட்டாவது ஒருவர் பகோடாவுடன் வந்து, ஏழு முறுக்கையும் கண்டு, மேசையை விரிக்காமலே திரும்பிப் போனார். அன்று மாலை முறுக்குக்காரர் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து விலையைக் குறைத்ததில், கடைசியாக விற்ற பக்கற் எண்ணெய்க் காசுக்கும் கட்டவில்லை. பிழை அவர்களுடையது அல்ல. "வாங்கோ" என்று எல்லாரையும் பொதுவில் அழைத்துவிட்டு, யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று கேட்காத எங்களுடையது.

ஆகவே சந்தைக்கு இரண்டு மாதம் முன்னதாக ஒரு கொப்பியோடு ஊரை நடந்து பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும், பிரதேச செயலகத்தில் சிறுதொழிலுக்கும் மகளிர் விடயங்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்களிடமும் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஆனால் பட்டியலில் இருப்பவர் பயிற்சிக்கு வந்தவர். செய்து விற்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். மில்லுக்குப் போய் யார் கிழமைதோறும் செத்தல் மிளகாய் கொண்டு வருகிறார்கள் என்று கேட்டால், அலுவலகப் பட்டியலில் இல்லாத நாலைந்து பேர் அகப்படுவார்கள். தையற்காரிகளை நூல், பொத்தான் விற்கும் கடையில் விசாரிக்கலாம். போகும் வீடுகளில் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி போதும்: என்ன செய்கிறீர்கள், ஒரு கிழமைக்கு எவ்வளவு செய்ய முடியும், இப்போது யாருக்கு விற்கிறீர்கள், எந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வர முடியும். இவற்றில் நான்காவது கேள்வியின் பதில்தான் பிறகு உங்கள் சந்தை நேரத்தைத் தீர்மானிக்கும்.

இந்தக் கொப்பி நிறைந்ததும் பொருள்வாரியாகப் பிரியுங்கள். தூள் வகை, மா வகை (அரிசிமா, குரக்கன்மா, ஒடியல்மா, சத்துமா), வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், பலகாரம், பனை உற்பத்தி, தையல், வீட்டுத்தோட்ட மரக்கறி, முட்டை, நாற்று என்று பிரித்தால், எது மிதமிஞ்சி இருக்கிறது, எது இல்லவே இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு வகைக்கு மூன்று மேசைக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மிச்சப் பேரைத் தள்ளிவிடவும் கூடாது. முறுக்குச் செய்யும் ஏழு பேரில் ஒருவருக்கு எள்ளுப்பாகு கைவரும், இன்னொருவரின் பயற்றம் பணியாரத்தை ஊர் முழுவதும் அறிந்திருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் முறுக்குத்தான் தெரியும் என்றால் கிழமை மாறி வரச் செய்யலாம்.

கிழமைதோறும் வாடிக்கையாளரைக் கூட்டி வருவது பலகாரமோ கைவேலையோ அல்ல, மரக்கறியும் முட்டையும்தான் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். ஓலைப்பெட்டி வருடத்துக்கு ஒரு தடவை வாங்கும் சாமான். கீரை நாளைக்கே தேவைப்படும். கீரைக்கு வருபவர்தான் பெட்டியைக் கண்டு விலை கேட்பார்.

இடமும் நாளும் நேரமும்

இடத்தைத் தெரிவு செய்யும்போது வாடகையை விட முக்கியமான கேள்வி, அந்த முற்றத்தில் ஊரின் எல்லாப் பகுதியாரும் தயக்கமின்றிக் கால் வைப்பார்களா என்பது. இதை வெளிப்படையாகப் பேச நாங்கள் பழகவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்களில் சில முற்றங்களுக்குச் சில குடும்பங்கள் இன்றும் வருவதில்லை. பனை உற்பத்தியில் கைதேர்ந்த பெண்கள் வரத் தயங்கும் இடத்தில் பனை உற்பத்திச் சந்தை நடத்துவது வேடிக்கையாகிவிடும். கோயில் வீதி வசதியானதுதான். ஆனால் அங்கே முட்டையும் கருவாடும் வைக்க முடியாது. சனசமூக நிலையம், பிரதேச சபையின் வெற்றுக்காணி, கூட்டுறவுச் சங்கக் கட்டட முன்றல் போன்றவை எல்லாருக்கும் பொதுவானவை. மலசலகூடம் இருக்கிறதா, அதற்குள் தண்ணீர் வருகிறதா, கதவுக்குக் கொளுக்கி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான்கு மணிநேரம் மேசையடியில் நிற்கும் பெண்கள் இதைப் பற்றி முறைப்பாடு செய்ய மாட்டார்கள். அடுத்த கிழமை வராமல் விட்டுவிடுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பின்னேரம் மூன்றரையிலிருந்து ஆறரை வரை எங்கள் ஊருக்குப் பொருந்தும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட பிறகு தாய்மாருக்கு ஓய்வு கிடைக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. பின்னேரத்தில் ரியூசன் வகுப்பு வாசல்களில் பிள்ளையை விட்டுவிட்டு ஒன்றரை மணிநேரம் ஸ்கூட்டியில் சாய்ந்து நிற்கும் தாய்மார் தொகையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நடந்து வரும் தூரத்தில் சந்தை இருந்தால் விளம்பரத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

தீவுப் பகுதிப் பெண்களுக்கு மட்டும் இந்த நேரம் ஒத்து வராது. நெடுந்தீவிலிருந்தோ எழுவைதீவிலிருந்தோ வருபவர் படகு நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். இறங்குதுறையில் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். அவர்களின் பொருளைப் பொறுப்பேற்று விற்றுக் கொடுக்க ஒரு பொது மேசை வையுங்கள். அதன் கணக்கு முறையைக் கீழே சொல்கிறேன்.

ஒரு நாளைத் தெரிவு செய்துவிட்டால் அதை மாற்றாதீர்கள். சனிக்கிழமை என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும். அயலில் திருவிழா வந்தாலும், அதிகாரி வர முடியாது என்றாலும், ஆறு மேசைதான் வந்தாலும் கூட்டுங்கள். "இந்தச் சனி இருக்குதோ இல்லையோ" என்று ஒரு வாடிக்கையாளர் ஒரு தடவை யோசித்தால் அவர் பழையபடி கடைக்குப் போய்விடுவார்.

யாப்பும் பணப்பெட்டியும்

புதிய சங்கம் ஒன்றை அவசரப்பட்டுப் பதிய வேண்டாம். ஏற்கெனவே இயங்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் ஒரு சந்தைக் குழுவாகத் தொடங்கி, ஒரு வருடம் ஓடிய பிறகு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதைப் பற்றி யோசிக்கலாம். கூட்டுறவு எங்களுக்குப் புதிய சொல் அல்ல. கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரில் நகரில் மண்டபமும், மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையும் இருக்கிற மாவட்டம் இது. ஆனால் அந்தச் சங்கங்களில் நல்லவை நிலைத்ததற்குக் காரணம் கணக்குப் புத்தகம்.

குழுவில் ஐந்து பேர் போதும். ஐவரும் மேசை போட்டு விற்பவர்களாக இருக்க வேண்டும். உதவி செய்யும் நிறுவனத்தாரும் உத்தியோகத்தர்களும் ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் மூவர் பெயரும், காசோலையில் எவரேனும் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். அந்த மூவரில் இருவர் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது என்பதைக் குழுவின் விதிகளான யாப்பில் எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் அது ஒருவரைக் குறிவைத்ததாகத் தோன்றும்.

சந்தைச் செலவுக்கு மேசை வாடகை வாங்குவதா, விற்பனையில் வீதம் வாங்குவதா என்ற வாதம் எப்போதும் வரும். நிலையான வாடகை வசூலிக்க இலகு. ஆனால் 400 ரூபாவுக்கு விற்றவருக்கும் 6,000 ரூபாவுக்கு விற்றவருக்கும் ஒரே தொகை என்றால் சிறியவர் முதலில் கழன்றுவிடுவார். நான் 5 வீதத்தின் பக்கம் நிற்பவன். விற்பனையைக் குறைத்துச் சொல்ல மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்லுவார்கள், முதல் மாதம் மட்டும். அந்தக் காசு தகரக் கூரையாகவும் மின்குமிழாகவும் கண்ணெதிரே மாறுவதைக் கண்ட பிறகு பெரும்பாலானோர் சரியாகவே சொல்வார்கள்.

பதிவும் அனுமதியும்

உணவு செய்பவர்கள் முதலில் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திக்க வேண்டும். அவர் வந்து சமையலறை, கிணறு, மலசலகூடம் இருக்கும் தூரம், பொருள் காய விடும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பார். பலர் அவரைத் தண்டம் எழுத வருபவராகவே நினைத்து ஒளிக்கிறார்கள். நீங்களாகப் போய் அழைத்தால் அவரே உங்களின் முதல் ஆலோசகர். உணவைக் கையாளுபவருக்கான மருத்துவச் சான்றிதழுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வழி கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். சந்தை கூடும் இடத்துக்கான அனுமதி பிரதேச சபையிடமோ நகர சபையிடமோ எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாக வாங்கிய அனுமதி செயலாளர் மாற்றலாகிப் போனதோடு போய்விடும்.

தராசும் சட்டத்துக்குட்பட்டது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுக்கு வருடாந்த முத்திரை வேண்டும். கேக் செய்ய வாங்கிய சமையலறைத் தராசு இதற்கு உதவாது. ஒவ்வொருவரும் தராசு வாங்குவதற்குப் பதிலாக, முத்திரையிட்ட பொதுத் தராசு இரண்டைச் சந்தைக் காசில் வாங்கி, ஒன்றை வாடிக்கையாளரே நிறுத்துப் பார்க்கக்கூடியதாக நுழைவாயிலில் வையுங்கள். 10 வீதக் கழிவுக்குப் பழகிப்போன ஊரில் அந்த ஒரு தராசு செய்யும் விளம்பரத்தை எந்தப் பதாகையும் செய்யாது.

விலை போடும் கணக்கு

சந்தையை விட்டு விலகிய பெண்களிடம் காரணம் கேட்டால் "லாபம் இல்லை" என்பார்கள். கணக்கைப் பார்த்தால், பெரும்பாலும் விலையைப் போட்ட விதத்திலேயே லாபம் தொலைந்திருக்கும். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு தடவை இடிப்பதை எடுத்துக்கொள்வோம். சாமான் விலை கிழமைக்குக் கிழமை மாறும். கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்த தொகைகள்.

செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, மிளகு, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. இவற்றுக்கு 2,800 ரூபா என்று வைப்போம். காம்பு முறித்து, வெயிலில் காய வைத்து, பதமாக வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் வந்தால் இரண்டரைக் கிலோ இரண்டரையாகத் திரும்பாது. காம்பும் ஈரமும் போய், மில்லிலும் சிறிது ஒட்டிக்கொள்ள, 2 கிலோ 200 கிராம் கையில் வரும். அதாவது 100 கிராம் பக்கற் 22. மில் கூலி 250, விறகு அல்லது எரிவாயு 200, பக்கற்றும் சுட்டுத்துண்டும் (லேபல்) ஒன்றுக்கு 15 ரூபாவாக 330, போக்குவரத்தில் பங்கு 220. கூட்டினால் 3,800 ரூபா. ஒரு பக்கற்றுக்கு ஏறத்தாழ 173 ரூபா.

கடையில் 180 ரூபாவுக்கு ஒரு தூள் இருக்கிறது என்று கண்ட பெண் தானும் 180 போடுகிறார். 22 பக்கற்றும் விற்றால் 3,960 ரூபா. கையில் மிஞ்சியது 160. காம்பு முறித்ததிலிருந்து பக்கற் ஒட்டியது வரை அவருக்குச் சென்ற நேரம் ஐந்து மணித்தியாலம். ஐந்து மணித்தியாலமும் அடுப்பு நெடியில் இருமி இருமி வேலை செய்ததற்குக் கூலி 160 ரூபா. இதே பெண்ணை வெங்காயத் தோட்டத்துக்கு அந்தக் கூலிக்குக் கூப்பிட்டால் போவாரா?

தன் உழைப்புக்கு மணித்தியாலம் 250 ரூபா என்று வைத்து 1,250 ஐச் சேர்த்தால் அடக்கம் 5,050 ஆகிறது. பக்கற்றுக்கு 230 ரூபா. 270 ரூபாவுக்கு விற்றால் வரவு 5,940. அதில் சந்தைக்கு 5 வீதம் 297 போனால் 5,643. அடக்கத்தைக் கழித்தால் 593 ரூபா தொழிலுக்கென்று மிஞ்சும். இந்த 593 தான் அடுத்த முறை மிளகாயை மலிந்த காலத்தில் கூடுதலாக வாங்கி வைக்க உதவும் காசு. வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டியது 1,250. இரண்டையும் ஒரே சுருக்குப் பையில் போட்டால் இரண்டுமே காணாமற் போகும்.

கடைத்தூள் 180 ஆக இருக்க உங்கள் தூளை 270 கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு மேசையில் பதில் இருக்க வேண்டும். வறுத்த மல்லியின் வாசம் வரும்படி ஒரு சிறு கிண்ணத்தைத் திறந்து வையுங்கள். என்ன சேர்த்தது, எப்போது இடித்தது என்று சொல்லுங்கள். 250 கிராம், 500 கிராம் பக்கற்றுக்கு விலையைச் சற்றுத் தணித்துப் போடலாம். பக்கத்து மேசையைப் பார்த்து விலையைக் குறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே பொருள் விற்பவர்கள் மாதத் தொடக்கத்தில் கூடியிருந்து அடிமட்ட விலை ஒன்றை முடிவு செய்தால், முறுக்குச் சந்தையில் எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

பொதியும் சுட்டுத்துண்டும்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் பொதி செய்த உணவுக்குச் சுட்டுத்துண்டைக் கட்டாயமாக்குகின்றன. பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயர், முகவரி, அதிகூடிய சில்லறை விலை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். மூன்று மொழியிலும் அச்சிட்டால் பொருள் வவுனியாவுக்கு அப்பாலும் போகும். விவரங்களை அச்சடிக்கக் கொடுக்கும் முன்னர் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். ஆயிரம் துண்டு அச்சடித்த பிறகு ஒரு சொல் விடுபட்டது தெரிந்தால் முழுவதும் அடுப்புக்குத்தான்.

காலாவதித் திகதியை வாய்க்கு வந்தபடி "ஆறு மாதம்" என்று போடுகிறார்கள். நீங்கள் செய்த தொகுதியில் பத்துப் பக்கற்றை எடுத்து அலுமாரியில் வைத்து, கிழமைக்கு ஒன்றாகத் திறந்து மணந்து, சுவைத்து, கொப்பியில் எழுதுங்கள். தட்டைவடை எந்தக் கிழமையில் சிக்கு மணக்கத் தொடங்குகிறதோ அதற்கு இரண்டு கிழமை முன்னதே உங்கள் திகதி. ஊறுகாய்ப் போத்தலில் இது இன்னும் முக்கியம். அரைகுறையாகக் காய்ந்த தேசிக்காயைப் போட்டு இறுக்கி மூடிய போத்தல் ஒன்று பொது மேசையில் பொங்கி, பக்கத்திலிருந்த பிள்ளைச் சட்டைகள் மூன்றை நனைத்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது. சட்டைக்குரிய காசை சந்தைப் பெட்டியிலிருந்து கொடுத்தோம்.

பனங்கட்டியைக் குட்டான் என்ற சிறு ஓலைக்கூட்டில் விற்பது போல, பெட்டிகளையும் பொதியாகவே பாவிக்கலாம். பலகாரத்தைச் சின்ன ஓலைப்பெட்டியில் வைத்து விற்றால் இரண்டு மேசைக்குக் காசு போகும். பனைப் பொருட்களின் புது வடிவங்களுக்கும் பயிற்சிக்கும் பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகமும் கிட்டவே இருக்கின்றன.

சந்தை நாள்

மேசைகளை வைக்கும் திசை சிறிய விடயமாகத் தெரியும். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் புழுதி முழுவதும் மாவிலும் பணியாரத்திலும் படியும்; அந்தப் பக்கத்தில் தையல், நாற்று, பெட்டி மேசைகளையும், மறைவான பக்கத்தில் உணவையும் வையுங்கள். கருவாட்டுக்குக் காற்று போகும் கடைசி மூலை. இடத்தைக் கிழமைதோறும் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் வாசலடி மேசைக்கான மனத்தாங்கல் வராது.

பொது மேசைக்கு மூன்று பிரதி எழுதும் பற்றுச்சீட்டுப் புத்தகம் தேவை. பொருளைக் கொண்டு வந்தவர், பொருள், எண்ணிக்கை, விலை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள். சந்தை முடிந்ததும் விற்றதற்குக் காசு, விற்காததற்குப் பொருள். இரண்டும் அடுத்த படகில் அவருக்குப் போக வேண்டும். காசை "அடுத்த கிழமை சேர்த்துத் தாறன்" என்று வைத்துக் கொண்டால் நீங்களும் அந்தக் கடைக்காரராகிவிடுவீர்கள்.

காசு கொடுக்கல் வாங்கலுக்கு லங்கா கியூஆர் பலகையை வைத்தால் இளையோர் விரும்புவார்கள். ஆனால் பணம் அனுப்பியதாகத் தொலைபேசியில் படத்தைக் காட்டினால் போதாது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும்.

கடன்

அயலவருக்கும் உறவுக்கும் கடன் கொடுக்காமல் இருப்பது எங்கள் பெண்களுக்கு மிகக் கடினம். "அக்கா, காசு கொண்டு வரேல்ல, நாளைக்குப் பிள்ளையிட்டக் குடுத்து விடுறன்" என்று மச்சாள்முறையான ஒருவர் கேட்டால் எப்படி மறுப்பது? தனிமனிதராக மறுக்க முடியாததைச் சந்தை மறுக்கலாம். "இங்கே கடன் கொடுக்க அனுமதி இல்லை – சந்தைக் குழு" என்று ஒரு பலகை எழுதித் தொங்க விடுங்கள். விற்பவர் பலகையைக் கையால் காட்டிச் சிரித்தால் உறவும் முறியாது, காசும் போகாது.

இன்னொரு கடன் இதைவிடப் பாரதூரமானது. போருக்குப் பிறகு வடக்கில் வாசல்தோறும் வந்த நுண்கடன்களில் பெண்கள் எப்படிச் சிக்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. பெண்கள் கிழமைக்கு ஒரு தடவை காசோடு ஒரே இடத்தில் கூடுகிறார்கள் என்றால், தவணை வசூலிக்க வருபவர்களுக்கு அதைவிட வசதி எது? சந்தை முற்றத்துக்குள் எந்தக் கடன் நிறுவனத்தின் வசூலிப்பும் கூட்டமும் நடக்கக் கூடாது என்று யாப்பில் எழுதி, இடம் தருபவரிடமும் சொல்லி வையுங்கள். சந்தைக் குழுவைக் கடனுக்குப் பிணை நிற்கும் குழுவாக மாற்றக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒருவர் தவணை தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டிய ஏற்பாடு வந்த மறுகிழமை, பக்கத்து மேசைக்காரி அயலவளாக இருக்க மாட்டாள். தவணை தவறியவளிடம் காசு கேட்பவளாகிவிடுவாள். மூலதனம் தேவைப்படுபவருக்குச் சந்தைப் பெட்டியிலிருந்து மூன்று மாதத்தில் திருப்பும் சிறு கைமாற்றுக் கொடுக்கலாம். அதுவும் ஆறு மாதம் ஓடிய பிறகு.

தொலைபேசி வழி விற்பனை

வட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை இரவே நாளை என்ன வருகிறது என்று படத்தோடு போடுங்கள். குழு நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியதாக வையுங்கள், இல்லையேல் காலை வணக்கப் படங்களுக்குள் கறித்தூள் புதைந்து போகும். பெண்களின் சொந்த இலக்கங்களைப் பொதுவில் போட வேண்டாம். இரவில் தேவையற்ற அழைப்புகள் வந்து, வீட்டில் பிரச்சினையாகி, நல்ல உற்பத்தியாளர் ஒருவரை நாங்கள் இழந்தோம். சந்தைக்கென்று ஒரு தொலைபேசி, ஒரு இலக்கம், பதில் சொல்ல நேரம் குறித்த ஒருவர் இருந்தால் போதும்.

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவர்கள் திரும்பும்போது தூளும், காய்ந்த பனங்கிழங்கான ஒடியலும், பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டும் கொண்டு போவார்கள். அவர்களுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ பொதிகளை இரட்டைப் பையில் காற்றுப் போகாமல் சீல் செய்து கொடுங்கள். பயணப்பெட்டியில் தூள் சிந்தினால் அடுத்த வருடம் உங்களிடம் வரமாட்டார்கள்.

பருவத்தைக் கணக்கில் எடுங்கள்

வருட நாட்காட்டி ஒன்றை எழுதி ஒட்டுங்கள். தையிலிருந்து பங்குனி வரை ஒடியலும் புழுக்கொடியலும், வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஆடி, ஆவணியில் பனங்காயும் பனாட்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் ஊர்ச்சந்தைக்குச் சனம் குறையும். அந்த நாட்களில் சந்தையை மூடாமல் பாதிப்பேர் ஊரில் நிற்க, மீதிப்பேர் கூட்டாக நகரில் ஒரு கடை எடுக்க முயலலாம். ஐப்பசிக்குப் பிறகு மாரி. வடகமும் மோர்மிளகாயும் அப்போது காயாது; கோடையில் செய்து வைத்தவருக்குத்தான் மாரியில் விற்பனை. கூரைக்கென்று பெட்டியில் காசு சேர்ப்பதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெளியாரிடமிருந்து உதவி வரும்; மேசை, குடை, இயந்திரம் என்று. வாங்குங்கள். ஆனால் அதற்குப் பிரதியுபகாரமாக "விதவைகள் சந்தை" என்றோ "பாதிக்கப்பட்டோர் சந்தை" என்றோ பதாகை தொங்க விடாதீர்கள். பரிதாபத்துக்கு வாங்குபவர் ஒரு தடவை வாங்குவார். தூளுக்காக வாங்குபவர் தூள் முடிந்ததும் வருவார்.

ஏழாவது கிழமைக் கணக்கு

ஏழாவது கிழமை சந்தை முடிந்ததும் எல்லாரும் பாயை விரித்து இருந்து மூன்று எண்ணிக்கையைப் பாருங்கள்: முதல் கிழமை வந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் வந்தார்கள், இன்று வாங்கியவர்களில் எத்தனை பேர் முன்னரும் வாங்கியவர்கள், பெட்டியில் எவ்வளவு இருக்கிறது. வராமல் விட்டவர்களின் வீட்டுக்கு இருவர் நேரில் போக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் "சுகமில்லை" என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால், மில் கூலி கூடியதோ, கணவனுக்கு விருப்பமில்லையோ, வாசலடி மேசைக்காரி சொன்ன ஒரு சொல்லோ, உண்மைக் காரணம் தேநீர் முடியும் தறுவாயில் வரும்.

பொருளாளர் பதவியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மாற்றும்போது பெட்டியைப் பாயின் நடுவில் கொட்டி, நாணயம் வரை எல்லார் முன்னிலையிலும் எண்ணி, வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பழையவரும் புதியவரும் அதே பக்கத்தில் திகதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவு ஏதும் இருந்தால், அது 50 ரூபா மெழுகுதிரியாக இருந்தாலும், அந்த இடத்திலேயே சிவப்பு மையால் எழுதிவிட்டு மூடுங்கள்.